கலியாணம் கட்டாத குடும்பத் தலைவர்

என் கணவரைக் கலியாணம் கட்டாத ஆளாக எழுதலாம் என்று நியூஜேர்சியிலிருந்து ஒரு பெடியன் சொன்ன நேரம், நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் போன் ஒழுங்காக வேலை செய்கிற இடம் விறாந்தை மட்டும்தான். இவர் போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தன் தொண்டையாலேயே அமெரிக்காவை எட்டிவிடப் போகிறவர் மாதிரிக் கத்தித்தான் கதைப்பார். அதனால் அந்தச் சொல் எனக்கு மட்டும் கேட்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவென்று கிணற்றடியில் மோட்டரைப் போட்டுக்கொண்டிருந்த என் அண்ணைக்கும் கேட்டுவிட்டது.

இவர் கடற்கரை ஊரான வல்வெட்டித்துறை. சண்டைக் காலத்தில் இளந்தாரியாகப் போய், அமெரிக்காவில் பெற்றோல் செட்டில் நின்று, பிறகு கணக்கெழுதப் படித்து, அந்த நாட்டுப் பிரசையும் ஆனவர். தாய்க்கு வருத்தம் கடுமை என்று ஊருக்கு வந்தவர் பிறகு திரும்பிப் போகவில்லை. அங்கே ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். அங்குள்ள கம்பனி ஒன்றுக்கு இங்கிருந்தே கொம்பியூட்டரில் கணக்கும் எழுதுகிறார். நான் நீர்வேலிப் பக்கத்து வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. இடம்பெயர்ந்து திரிந்ததில் படிப்புப் பாதியில் நின்றது. தையலை, பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்து நானாகவே பழகினேன். இருவருக்கும் வயது போனபிறகு நடந்த கலியாணம். இருப்பது என் சீதன வீட்டில். பின்வளவுத் தோட்டக் காணியும் என் பெயரில்தான் இருக்கிறது, அதில் வாழை வைத்திருப்பவர் அண்ணை. மகளுக்கு எட்டு வயது. தகப்பன் வழியில் அவளும் அமெரிக்கப் பிரசை.

அமெரிக்காவுக்கு ஒரு பழக்கம். அதன் பிரசை உலகத்தின் எந்த மூலையில் போய்க் குந்தியிருந்தாலும், வருசாவருசம் அதற்குத் தன் வருமானத்தைச் சொல்லியாக வேண்டும். இவர் அதைத் தானே கொம்பியூட்டரில் செய்து அனுப்பிவிடுவார். நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருடம்தான் யாரோ சொல்லி, அங்கே இந்த வேலையைச் செய்து கொடுக்கிற தமிழ்ப் பெடியன் ஒருவனைப் பிடித்தார்.

"அங்கிள், இவ்வளவு காலமும் நீங்கள் சும்மா கூட வரி கட்டியிருக்கிறியள்," என்றான் அவன். "அன்ரி அமெரிக்காவிலை இல்லை. சிட்டிசனும் இல்லை. அப்ப ரூல்படி உங்களைக் கலியாணம் கட்டாத ஆள் மாதிரி எடுக்கலாம். மகள் உங்களோடைதானே இருக்கிறா? அவவைக் காட்டி, ஹெட் ஒஃப் ஹவுஸ்ஹோல்ட்... குடும்பத் தலைவர், அப்பிடிப் போட்டால் வரி நல்லாக் குறையும்."

"ஓம் தம்பி, அப்பிடியே போடும்," என்றார் இவர். கடையில் ஒரு கிலோ சீனி கேட்கிற குரல்.

மோட்டர் நின்றது. அண்ணை சேற்றுக் காலோடு விறாந்தைப் படியில் ஏறினார். என் வீட்டுப் படியை அவர் ஒருநாளும் கால் கழுவாமல் மிதித்ததில்லை.

"ஆர் கலியாணம் கட்டாத ஆள்?"

"மச்சான், உது வரிக் கதை."

"வரியோ கிரியோ. ஆர் கலியாணம் கட்டாத ஆள் எண்டு கேக்கிறன்."

"நான்தான். கடதாசியிலை மட்டும்."

"கடதாசிக் கலியாணம் கேள்விப்பட்டனான் ஐசே, விசாவுக்குக் கட்டிறது. கடதாசியிலை கலியாணம் காணாமல் போறதை இப்பதான் கேள்விப்படுறன். ஊருக்கு முன்னாலை தாலி கட்டினது ஆர்?"

மேசையில் கிடந்த போன், "அங்கிள்? ஹலோ? ஆர் அது?" என்றது.

அண்ணை குனிந்து போனுக்கே சொன்னார். "குடும்பத் தலைவராம்! தம்பி, இது என்ரை தங்கச்சியின்ரை சீதன வீடு. தங்கச்சியின்ரை கிணறு. இதுக்குள்ளை இருந்துகொண்டு உவர் குடும்பத் தலைவர், கலியாணமும் கட்டேல்லை. அப்ப பிள்ளை எங்காலை வந்தது? அதை உங்கடை அமெரிக்கா கேக்காதோ?"

"அங்கிள், நான் பேந்து எடுக்கிறன்," என்று பெடியன் வைத்துவிட்டான். அந்த விறாந்தையில் அன்றைக்குப் புத்தியாக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

அண்ணை போனபிறகு நான் திருவிய தேங்காயோடு வந்து நின்றேன்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சொல்லைப் போட வேண்டாம்."

"உமக்கும் விசரே? அது அவங்கடை சட்டத்திலை உள்ள ஒரு சொல். உம்மை நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"கட்டேல்லை எண்டு எழுதினால் வேறை என்ன சொல்லுறியள்?"

"'கருதலாம்' எண்டுதான் சொல்லுறான். கருதினால் காணாமல் போயிடுவீரே?"

காணாமல் போக மாட்டேன்தான். ஆனால் முப்பத்தெட்டு வயதுவரை நான் கட்டாதவள் என்ற அந்தப் பெயரோடு இருந்தவள். கலியாண வீட்டில் ஆராத்தி எடுக்க ஆள் தேடும்போது, தட்டு என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் தாண்டுவார்கள். சபையில் ஒரு பெண்ணை அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் இருத்தும் என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து எழும்பி வர எனக்கு அவ்வளவு காலம் எடுத்தது. இந்த மனிதர் சட்டைப் பையில் கை விட்டபடி, வரி குறையுமென்று, என்னைத் திருப்பி அங்கே கொண்டுபோய் இருத்தப் பார்த்தார். அதுவும் தன் கையால் எழுதி. வேறு எவன் எழுதியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

"உங்கடை கையாலை அதை எழுதினால், வல்வெட்டித்துறைக்குப் போய் உங்கடை கொக்காவோடை இருங்கோ," என்றேன்.

"அக்கா வீட்டிலை கொம்பியூட்டர் வைக்க இடமில்லை," என்றார். கோபத்தில் சொன்ன பதில் அது. நான் போகச் சொன்னதற்கு அவருக்குத் தோன்றிய மறுப்பு அது ஒன்றுதான் என்பது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அண்ணை ஊரில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கதை சங்கக்கடைக்குப் போய், கோயிலுக்குப் போய், அங்கிருந்து சட்டைத் துணியோடு சேர்ந்து என் தையல் மெசினடிக்கே வந்தது. அளவெடுக்க நிற்கும் பெண்கள் கையைத் தூக்கியபடி நிற்பார்கள், வாயை மட்டும் நிறுத்த முடியாது. ஒருத்தி, "அங்கை ஒண்டு இருந்தால்தானே பிள்ளை, இஞ்சை கட்டேல்லை எண்டு எழுதுவினம்," என்றாள். நான் அளவு நாடாவைக் கொஞ்சம் இறுக்கினேன். இன்னொருத்தி நல்ல மனுசி. "நீ கவலைப்படாதை," என்றாள். "என்ரை மனுசன் கட்டினவர் எண்டு எல்லாக் கடதாசியிலையும் இருக்கு. ஆள்தான் வீட்டிலை இல்லை." அவளுக்கு மட்டும் அந்த முறை தையல் கூலி வாங்கவில்லை.

அண்ணை தினமும் காலையில் வந்தார், இறைத்தார், போனார். இவரை மச்சான் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். "ஐசே, தண்ணிக்குழாயிலை நிக்கிறீர், விலத்தும்," அவ்வளவுதான். இவரும் விடவில்லை. "தோட்டக்காரருக்கு வாழை வளருமளவுக்குத்தான் கணக்கு விளங்கும்," என்று எனக்குச் சொல்வதுபோல அவருக்குக் கேட்கச் சொல்வார். "கடலாலை போற ஆக்களுக்கு ஒவ்வொரு கரையிலையும் ஒரு வீடுதானே," என்று அண்ணை வாழைக்குச் சொல்வார். நான் நடுவில் தேத்தண்ணி கொடுத்தேன்.

வெளிநாட்டில் இருக்கிற பிரசைகளுக்கு அமெரிக்கா ஆனி நடுப்பகுதிவரை தவணை கொடுக்கிறது. அதற்கு முதல் கிழமை பெடியன் திரும்ப எடுப்பதாகச் செய்தி வந்தது. "அண்ணையும் இருக்கட்டும், நானும் இருக்கிறன், எல்லாருக்கும் முன்னாலை கதையுங்கோ," என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அண்ணை கால் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். என் பக்கம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, என்ரை பேரும் வாறமாதிரி ஒரு வழி இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கு அன்ரி. ரெண்டுபேரும் சேர்ந்து போடலாம். உங்களை அமெரிக்காவிலை வசிக்கிற ஆள் மாதிரி எடுப்பம். உங்களுக்கு ஒரு நம்பர் எடுக்கவேணும். ரெண்டுபேரும் சைன் வைக்கவேணும். ஆனா ஒண்டு, இந்தச் சேர்க்கையை ஒருக்கா விட்டீங்களெண்டால், பிறகு சாகும்வரைக்கும் திரும்ப அப்பிடிச் சேரேலாது."

தாலியைக்கூட அமெரிக்கா அவ்வளவு இறுக்கமாகக் கட்டாது என்று நினைத்தேன்.

அண்ணை தொடையில் தட்டினார். "அது வழி! கலியாணம் எண்டால் அப்பிடித்தான் இருக்கவேணும். ரெண்டுபேரும் கையெழுத்து வையுங்கோ. என்ன ஐசே, வைப்பீர்தானே?"

"வைக்கலாம்," என்றார் இவர் வேண்டாவெறுப்பாக. "தம்பி, மிச்சத்தையும் சொல்லும்."

"அன்ரியின்ரை வருமானம் முழுக்க அமெரிக்காவுக்குச் சொல்லவேணும். தையல், பாங்கிலை கிடக்கிறது, பிறகு காணியாலை வாறது."

"காணியாலை என்ன வாறது?" என்றார் அண்ணை.

"வாழைத் தோட்டம் அன்ரியின்ரை எண்டு அங்கிள் சொன்னவர். குத்தகை மாதிரி ஏதாவது வருமே? அதை எழுதவேணும்."

அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

அண்ணை எனக்குத் தருவது பொங்கலுக்கு ஒரு குலை, வருசப் பிறப்புக்கு ஒரு குலை. கலியாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். நான் கேட்டதுமில்லை. கூடப்பிறந்தவரிடம் குத்தகை கேட்டவள் என்ற பெயர் எனக்கு எதற்கு?

"உது எங்கடை குடும்பக் காணி தம்பி," என்றார் அண்ணை. குரல் இறங்கியிருந்தது. "எங்கடை வாழைக்குலைக் கதை அமெரிக்காவுக்கு என்னத்துக்கு?"

"சேர்ந்து போட்டால் சொல்லத்தான் வேணும் அங்கிள்."

"அப்ப சேர வேண்டாம்."

"அண்ணை!"

"நீ பொறு பிள்ளை. இதிலை என்ன கிடக்கு? சும்மா கடதாசிதானே. கட்டினதெண்டு ஊருக்குத் தெரியும். அமெரிக்காவிலை இருக்கிறவன் உன்னைக் கட்டேல்லை எண்டு நினைச்சால் உனக்கு என்ன, அவன் வந்து உனக்குச் சம்பந்தம் பேசப்போறானே?"

"நான் இதைத்தானே மச்சான் முதல்லையிருந்து சொல்லிறன்," என்றார் இவர்.

"எனக்கு அப்ப விளங்கேல்லை மச்சான்."

மச்சான் என்ற சொல் அப்படித்தான் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. இரண்டு பேரும் என் வீட்டுக் கதிரையில் இருந்து, நான் போட்ட பால் விடாத பிளேன்ரியைக் குடித்துக்கொண்டு, நான் பெண்சாதி இல்லை என்பதில் ஒற்றுமைப்பட்டார்கள். இவர் அண்ணைக்குச் பனங்கட்டித் துண்டை எடுத்து நீட்டினார். கலியாணத்தன்றுகூட அவர்களை அவ்வளவு அன்னியோன்னியமாக நான் பார்த்ததில்லை.

"இதுக்கு என்னட்டை ஒண்டும் கேக்கத் தேவையில்லையோ தம்பி?"

"இல்லை அன்ரி. இதிலை அங்கிள் மட்டும்தான் சைன் வைக்கவேணும்." பாவம், ஆறுதல் சொல்கிறதாக நினைத்துத்தான் சொன்னான்.

பிறகு இவரைக் கேட்டான். "அங்கிள், கடைசியா ஒண்டு. வீட்டுச் செலவிலை பாதிக்கு மேலை நீங்கள்தானே போடுறியள்? குடும்பத் தலைவர் எண்டு போடுறதுக்கு அது வேணும். சாப்பாடு, கரண்ட், வீட்டுத் திருத்தம், அதுகள்."

"ஓம், ஓம்."

"இல்லை," என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அரிசி ஆர் வாங்கிறது? மீன் ஆர் வாங்கிறது? போன மாரிக்கு ஓடு மாத்தினது ஆர்? கரண்ட் பில் நான்தான் தம்பி கட்டிறனான். தோட்டத்து மோட்டருக்கும் சேர்த்து."

அண்ணை கிணற்றைப் பார்த்தார்.

அது பொய்யில்லை. இவருடைய உழைப்பு வல்வெட்டித்துறையில் இவரின் அக்கா மகளுடைய சீதன வீட்டுக்கு மேல்மாடியாக எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு வீடு கட்டுகிற வேலை, நல்ல வேலை. எனக்கு அதில் ஒருநாளும் மனக்குறை இருந்ததில்லை. தையலால் வருவதில் எங்கள் அடுப்பு எரிந்தது, அது போதுமாகவும் இருந்தது. அதை எங்கேயும் சொல்லிக் காட்ட வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. அன்றைக்கு வந்தது.

"வாயை மூடும்," என்றார் இவர், பல்லுக்குள்.

"அங்கிள்," என்றது போன். "அப்பிடியெண்டால் குடும்பத் தலைவர் எண்டு போடேலாது. நாளைக்கு விசாரணை வந்தால் எனக்கும் பிரச்சினை."

"மனுசி கோபத்திலை சொல்லுறா தம்பி."

"கோபத்திலை எண்டாலும், நான் கேட்டிட்டனே அங்கிள்."

"அப்ப எப்பிடித்தான் போடுறது?"

"பழையபடிதான். கலியாணம் கட்டினவர், தனியக் கணக்குக் காட்டுறார். வரி கூடத்தான்."

"கட்டினவர்," என்றேன். "அதைப் போடுங்கோ."

"உங்கடை பேரும் அதிலை வரும் அன்ரி. நம்பர் இல்லாததாலை பக்கத்திலை மூண்டு எழுத்துப் போடுவன். அமெரிக்காவிலை வசிக்காத அந்நியர் எண்டு கருத்து. குறை நினைக்காதேங்கோ."

பிறந்த வளவிலேயே இருந்துகொண்டு நான் அந்நியர் ஆனேன். "பரவாயில்லை தம்பி," என்றேன். "அந்நியப் பெண்சாதி எண்டாலும் பெண்சாதிதானே."

அண்ணை எழும்பிப் போனார். அடுத்த கிழமையே பக்கத்து வளவுக்காரரோடு கதைத்து, அவர்கள் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துக்கொண்டார். என் கரண்டில் ஓடிய மோட்டர் அதோடு நின்றது. வருகிற பொங்கலுக்குக் குலை வராது.

இவர் எல்லாவற்றையும் பெடியன் சொன்னபடி அனுப்பினார். அனுப்பி முடித்துக் கொம்பியூட்டரை மூடிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"குந்தியிருந்து தின்னிறவன் எண்டு அமெரிக்காவரைக்கும் என்னைச் சொல்லிப்போட்டாய், என்ன?"

அதுவரை இவர் எனக்கு நீர் என்றுதான் சொல்வார். அது இவர்கள் வீட்டு மரியாதை. அன்றைக்கு 'நீ' வந்தது, பிறகு போகவில்லை.

"பொய்யே சொன்னனான்?"

"உனக்கு அந்தச் சொல்தானே வேணும். வைச்சிரு."

வைத்திருந்தேன். ஆனால் அடுத்த மாதம் இவர் ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். கரண்ட் பில்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே போய்க் கட்டினார். மகளுக்குச் சப்பாத்து, குசினிக்குப் புதுக் குழாய், ஓட்டுக்கு ஆள். மேல்மாடி வேலை நின்றுவிட்டதென்று வல்வெட்டித்துறையிலிருந்து மச்சாள், இவரின் அக்கா, எனக்குப் போன் எடுத்து ஏசினாள். தைக்க வந்த பெண்கள், "உங்கடை ஆள் திருந்தீட்டார் போலை கிடக்கு," என்று பொறாமையோடு சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருநாள் அவருக்குப் பிடித்த ஒடியல் கூழ் காய்ச்சி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டேன்.

"ஏனிப்ப எல்லாத்தையும் நீங்களே வாங்கிறியள்?"

"பாதிக்கு மேலை போகவேணுமெல்லே," என்றார், கூழிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாற முறை அவன் கேக்கேக்கை நீ இல்லையெண்டு சொல்லேலாது. பாப்பம், அப்ப ஆர் கட்டினவர், ஆர் கட்டாதவர் எண்டு."

நான் அவருக்கு இன்னொரு அகப்பை ஊற்றவில்லை.

அன்றிலிருந்து நான் இவரை முந்துகிறேன். அரிசி முடிய முதலே வாங்கி வைக்கிறேன். கரண்ட் பில் கொண்டுவருகிறவரை ஒழுங்கை முகப்பிலேயே மறித்து வாங்கிவிடுகிறேன். இவர் ஒரு முட்டை வாங்கினால் நான் இரண்டு வாங்குகிறேன். எங்கள் வீட்டில் இப்போது தின்று முடிக்க ஏலாத அளவுக்குச் சாப்பாட்டுச் சாமான் கிடக்கிறது, ஒரு வாய் கதைதான் இல்லை. மகளுக்கு மட்டும் இது வாய்த்த காலம். ஐஸ்கிறீம் வேண்டுமென்றால் இரண்டு பேரும் கடைக்கு ஓடுகிறோம்.

நேற்றுக் காலை மீன்காரனின் ஹோண் கேட்டது. இவர் விறாந்தையிலிருந்து எழும்பினார், நான் மெசினிலிருந்து எழும்பினேன். படலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காசை நீட்டினோம்.

மீன்காரன் தராசைத் தூக்கியபடி இருவரையும் பார்த்தான். "ஆராவது ஒராள் தாங்கோவன். காசு தரமாட்டன் எண்டு சண்டை பிடிக்கிற வீடுதான் நான் கண்டனான்."

"நான் தாறன்," என்றார் இவர். "நான்தான் வீட்டுக்காரன்."

"வீடு என்ரை," என்றேன். "உவர் என்ரை மனுசன். காசு நான் தாறன்."

மீன்காரன் என் காசை வாங்கிக்கொண்டான். இவர் தன்னுடையதைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார். அமெரிக்காவின் கணக்கு வருடம் மார்கழியோடுதான் முடிகிறது, அதுவரை இன்னும் எத்தனையோ மீன் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கிய பாரை மீனை நானே கழுவி, நானே வெட்டினேன். தலைத்துண்டை அவருக்கு வைத்தேன்.